ஏரிக்கு இரண்டு டேஞ்சர் பாய்ஸ்

கச்சேரிக் குழுக்களைக் கட்டி மேய்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்டார்கள். மூன்று மாதமும் நான் பயந்துகொண்டே இருந்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் எழுதினால் பிழை வரும், பிழை வந்தால் சிரிப்பார்கள், சிரித்தால் நான் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றெல்லாம் யோசனை. பிழையை நான் திருத்தித் தருகிறேன், நீங்கள் பயத்தை மட்டும் எழுதுங்கள் என்று என் மகள் சொன்னாள். அதுதான் இது.

மைக்கை எங்கே வைப்பது, ஒயரை எப்படிச் சுருட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். மேடைக்கு எதிரே முந்நூறு பேர் நிற்கும்போது, வாயைத் திறப்பதா மூடுவதா என்ற ஒரு விஷயம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்த தப்பு பழவேற்காட்டு ஏரி முழுக்கத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்.

எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டில் நான் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தேன். ஐஸ்காரனுக்குக் காலையில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இன்றைக்கு யாருடைய பாடு? வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஏரியில் மீன் நிறைய விழும் இடங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை. இன்றைக்கு ஒரு கூட்டம் வலை போடும், நாளைக்கு இன்னொரு கூட்டம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். யார் முதலில் என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பாடு இல்லாதவன் கரையில் உட்கார்ந்து வலையை உலர்த்துவான். இல்லையென்றால் பாடு இருப்பவன் படகில் கூலியாளாக ஏறுவான். அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. பாடு இல்லாதவனிடம் ஐஸைக் கொண்டுபோய்ப் போட்டால் அது கரைந்து தண்ணீராகும். அவ்வளவுதான் என் படிப்பு.

ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து கிட்டார் வாசித்தவன் ஜபார். பழவேற்காட்டுப் பழைய வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கப்பலில் வேலை செய்த அவனுடைய மாமா ஒரு கேசட் கொண்டுவந்திருந்தார். அட்டையில் தலைமுடி வளர்த்த நாலு பேர், யார்மேலோ கோபமாக நின்றார்கள். என்ன பாடுகிறார்கள் என்று எங்கள் ஒருவருக்கும் புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது. ஜபார் கிட்டாரும் பாட்டும். மீனவக் குப்பத்திலிருந்து தேசப்பன் டிரம். இன்னும் இரண்டு பேர் அவ்வப்போது வருவார்கள், போவார்கள். என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணத்தை ஜபார் ஒளிவு மறைவில்லாமல் சொன்னான்.

"நீ எப்படியும் பயந்துக்கினேதான் இருக்கப் போற ஏழுமல. எங்களுக்கும் சேத்துப் பயப்படு. அதுக்குப் பேரு மேனேஜர்."

அன்றிலிருந்து நான் மேனேஜர்.

பெயர் வைத்தது தேசப்பன். திருப்பாலைவனம் ரோட்டில் புதிதாக டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார்கள். அதில் தொங்கிய தகரத்தில் ஒரு மண்டை ஓடும், குறுக்கே இரண்டு எலும்பும், கீழே டேஞ்சர் என்ற எழுத்தும். அவன் அதைப் பார்த்துவிட்டு வந்து, டிரம்மின் முன்தோலில் அப்படியே வரைந்தான். ஆனால் அவன் கைக்கு அது சரியாக வரவில்லை. எங்கள் மண்டை ஓடு கல்யாண வீட்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுவது போலச் சிரித்தது. டேஞ்சர் பாய்ஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரை உரக்கச் சொல்லவே எனக்குப் பல நாள் தைரியம் வரவில்லை.

இந்த மாதிரி தகரம் ஊருக்கு ஊர் தொங்குகிறது, இதைப் பார்த்து வேறு ஒருவனுக்கும் இதே யோசனை வரலாமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் இதற்கு மட்டும் பயப்படாமல் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மீன் ஏலத்தில் ஒருவர் என்னைத் தட்டிக்கொடுத்தார். வடக்கே ஒரு ஊரில் எங்கள் கச்சேரியைப் பார்த்தாராம். "உங்க ஆளு மேடையில படுத்துக்கினே கிட்டார் அடிச்சானே, சூப்பர்பா" என்றார். நாங்கள் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஜபார் படுத்து வாசித்ததும் இல்லை. அவன் பேண்ட்டில் மடிப்புக் கலைந்தாலே ஒரு பாட்டை நிறுத்திவிடுவான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஐயா, அது நாங்கள் இல்லை என்று. நான் சொன்னது, "ஆமாம்."

ஏன் சொன்னேன்? அவர் சந்தோஷமாக இருந்தார். நான் மறுத்தால் அவர் முகம் சுருங்கும், அதைப் பார்க்க எனக்குப் பயம். அடுத்த வாரம் இன்னொருவர் சொன்னார். அதற்கும் ஆமாம். ஆரம்பாக்கம் பக்கம் இன்னொரு டேஞ்சர் பாய்ஸ் இருக்கிறது என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜபாரிடம் சொன்னால் சண்டைக்குப் போவான். தேசப்பனிடம் சொன்னால் படகே எடுத்துக்கொண்டு போவான். சொல்லாமல் இருந்தால் அது தானாகவே இல்லாமல் போய்விடும் என்று நம்பினேன். ஆறு மாதம் அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் மாசி மாதம், ஏரிக்குள் ஒரு தீவுக் கிராமத்தில் திருவிழா. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பசியாவரம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களின் பெரியதனக்காரர்கள் எல்லாரும் அந்தத் திருவிழாவுக்கு வருவார்கள். அங்கே யார் நன்றாக வாசிக்கிறார்களோ அவர்களைத்தான் ஆடி வரைக்கும் தங்கள் தங்கள் ஊருக்குக் கூப்பிடுவார்கள். அங்கே பேரெடுத்தால் ஆறு மாதம் ஓயாமல் கச்சேரி. அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டால் குழுவைக் கலைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். ஜபாரின் வாப்பா அந்தத் திருவிழாவைத்தான் கெடுவாக வைத்திருந்தார். அதற்குப் பிறகும் இவன் கிட்டாரும் கையுமாகத் தெருவில் நின்றால், மாமாவோடு கப்பலேற்றிவிடுவதாக முடிவு.

அந்த ஊரிலிருந்து தெற்குத் தெருக்காரர் ஒருவர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அந்தப் படுத்துக்கொண்டு வாசிக்கிறவர் வருவார் இல்லையா, ஊரே அவருக்காகத்தான் காத்திருக்கிறது என்றார். என் கை தானாக வெற்றிலையை வாங்கிக்கொண்டது. வருவார் என்றது வாய்.

இங்கே உங்களுக்கு அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டு கூட்டம். ஏரியில் எப்படிப் பாடோ அப்படித்தான் திருவிழாவுக்கும் பாடு: ஒரு வருஷம் வடக்கு நடத்தும், ஒரு வருஷம் தெற்கு. முந்தின வருஷம் வடக்கின் முறை. ஆனால் திருவிழாவுக்கு முன்னால் வந்த புயலில் குடிசையும் படகும் போய், திருவிழாவே நடக்கவில்லை. இந்த வருஷம் யார் முறை? போன வருஷத்தோடு வடக்கின் முறை போயிற்று, இது நம்முடையது என்று தெற்கு நினைத்தது. நடக்காத திருவிழா எப்படிக் கணக்காகும், இதுவும் நம்முடையதே என்று வடக்கு நினைத்தது. வாய்விட்டுப் பேசினால் சண்டை வரும் என்று இரண்டு தெருவுமே பேசவில்லை. பயத்தில் வாயை மூடியவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லை என்பது எனக்குப் பின்னால் ஒரு ஆறுதலாக இருந்தது.

முறைப் பேச்சை எடுக்காமல், கச்சேரிக்கு யார் வருகிறார்கள் என்று மட்டும் தெற்கு விசாரித்தது. டேஞ்சர் பாய்ஸ் என்றது வடக்கு; அவர்கள் வெற்றிலை வைத்திருந்தது ஆரம்பாக்கத்தில். அடடா, நாம் கூப்பிட்ட ஆளையே அவர்களும் ஒத்துக்கொண்டார்கள், விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று தெற்குக்கு மகிழ்ச்சி. வடக்குக்கும் அதே மகிழ்ச்சி. இரண்டு குழுவுக்கும் வேறு வேறு பெயர் இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டுத் தீர்த்திருப்பார்கள். எங்கள் பெயர் ஒன்றாக இருந்ததால் ஊரே மூன்று வாரம் சமாதானமாக இருந்தது.

தீவில் கச்சேரி எப்போதும் மாலை நாலு மணிக்கு. இருட்டுவதற்குள் வெளியூர்ப் படகுகள் திரும்ப வேண்டும். நாங்கள் காலையிலேயே ஜெனரேட்டரையும் ஆம்ப்ளியையும் படகில் ஏற்றினோம். ஜெனரேட்டர் கவிழுமா, டீசல் சிந்துமா, ஜபாருக்குத் தொண்டை கட்டுமா என்று வழக்கமான பயங்களை ஒவ்வொன்றாகப் பட்டுக்கொண்டே போனேன். உள்ளே இருந்த பெரிய பயத்தின் பக்கம் மட்டும் போகவில்லை.

தெற்குத் தெருக்காரர்கள் கரைக்கு வந்து மாலை போட்டார்கள். மேளம் அடித்துக்கொண்டு கோயில் மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். மைதானத்துக்குள் நாங்கள் நுழைகிற அதே நேரம், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு மேளச் சத்தம். இன்னொரு மாலை. நடுவில் ஒருவன் தலையில் ஒரு டிரம். டிரம்மில் ஒரு மண்டை ஓடு.

நிலைக்கண்ணாடி முன்னால் நிற்பது போல இருந்தது. ஆனால் கண்ணாடியில் இருந்தவர்கள் எங்களைவிட நன்றாக இருந்தார்கள். அவர்களுடைய மண்டை ஓட்டைப் பார்த்தால் உண்மையிலேயே பயம் வந்தது. தேசப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வந்தது கோபமில்லை, பொறாமை.

இரண்டு மேளமும் நின்றன. சுருட்டை முடியோடு, பூப்போட்ட சட்டையில் ஒருவர் எதிரிலிருந்து முன்னால் வந்தார். பெயர் நாகூரய்யா. ஆரம்பாக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கிட்டாரும் அவர்தான், அவர்கள் குழுவுக்கு மேனேஜரும் அவர்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏழுமலன்றது நீதானா நைனா? நான் படுத்துக்கினு வாசிச்சதுக்கெல்லாம் நீ பாராட்டு வாங்கிக்கினு கீறியாமே."

ஜபார் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

அதற்குள் வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று பார்க்க ஆரம்பித்துவிட்டன. நீ யாரைக் கேட்டு மாலை வாங்கினாய், உன்னுடைய முறை எப்போது வந்தது, புயலடித்த வருஷம் யார் கணக்கு என்று மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. படகு தள்ளும் மூங்கில் கோல்கள் சும்மா ஓரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு மூன்று பேர் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். விருந்துக்கு வந்திருந்த வெளியூர்ப் பெரியதனக்காரர்கள் பந்தலில் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தார்கள்.

அந்த ஊர்ப் பெரியதனக்காரர் தனகோட்டி. கையைத் தூக்கினார், சத்தம் அடங்கியது. முறையைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் இவர்களில் உண்மையான டேஞ்சர் பாய்ஸ் யார் என்று தெரியட்டும் என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தெற்குத் தெருவுல, படுத்துக்கினு வாசிக்கிறவரக் கூப்புட்டோம்னு சொல்றாங்க. உங்க ஆளுல அவரு யாரு தம்பி?"

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு ஆண்டவன் கொடுத்த கடைசி வாய்ப்பு அது. நான் ஜபாரின் காதோரம் குனிந்து, "படுத்துடு" என்றேன்.

அன்றைக்கென்று அவன் வெள்ளைப் பேண்ட் தைத்துப் போட்டிருந்தான். முடியாது என்றான். அவன் வாப்பாவைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, கிட்டாரை மார்மேல் வைத்துக்கொண்டு, மணலில் மெல்லப் படுத்தான். படுத்த பிறகு கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கம்பியை ஒரு முறை தட்டினான். ஆம்ப்ளி இல்லாததால் அது அவனுக்கே கேட்டிருக்காது. வானத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தான்.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா மெதுவாகக் கேட்டாள்: "இன்னாபா, ஒடம்பு சரியில்லையா அந்தப் புள்ளைக்கு?"

முதலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு பந்தலில் இருந்தவர்கள். நாகூரய்யா வாய்விட்டே சிரித்தார். தனகோட்டி சிரிக்கவில்லை. நாகூரய்யாவிடம் திரும்பி, வடக்குத் தெரு உன்னை எதற்காகக் கூப்பிட்டது என்று கேட்டார். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. பழவேற்காட்டுக் கல்யாணம் ஒன்றில் டேஞ்சர் பாய்ஸ் பாட்டைக் கேட்டு வடக்குத் தெருப் பெண்கள் அழுதிருந்தார்களாம். கேட்பவர்களை அழவைக்கும் அந்தக் குரல் வேண்டும் என்றுதான் வெற்றிலை பாக்கு வைத்தார்களாம். அது ஜபார் குரல். நாகூரய்யாவும் என்னைப் போலவே ஆமாம் சொல்லித்தான் வாங்கியிருந்தார்.

பாடிக் காட்டு என்றார் தனகோட்டி. நாகூரய்யா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வரி பாடினார். எங்கள் ஜெனரேட்டர் குளிர்காலத்தில் கிளம்பும்போது அப்படித்தான் சத்தம் போடும். இரண்டாவது வரிக்கு அவரே நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு என்னவோ ஆயிற்று. தைரியம் என்று சொல்ல மாட்டேன். இதற்குமேல் பயப்பட உள்ளே இடமில்லாமல் போய்விட்டது. முன்னால் போய்ச் சொல்லிவிட்டேன். படுத்து வாசிப்பவர் அவர்தான், நாங்கள் இல்லை. ஆறு மாதமாக எனக்குத் தெரியும். அவருக்கு வந்த பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் பையன்கள் இரண்டு பேருக்கும் இதில் ஒன்றும் தெரியாது. சொல்லி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாகூரய்யா கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு என்னைக் காட்டி, "இவரு சொன்னது அப்படியே எனக்கும் எழுதிக்கோங்க" என்றார்.

தனகோட்டிக்கு அது போதவில்லை. ஒரு பேருக்கு ஒரு குழுதான், சீட்டுப் போடுகிறேன், சீட்டு விழாதவன் இப்போதே படகேறிப் போகட்டும், இனிமேல் இந்த ஏரியைச் சுற்றி அந்தப் பெயரை வாயில் எடுக்கக் கூடாது என்றார். பந்தலில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தேசப்பன் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஜபார் இன்னும் மணலிலேயே உட்கார்ந்திருந்தான், பேண்ட்டைக்கூடத் தட்டிவிடவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

பின்னால் வடக்கும் தெற்கும் யார் முறை, யார் முறை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். தினம் காலையில் ஐஸ் பெட்டியோடு நின்று நான் கேட்ட கேள்வி அது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

"தலைவரே, பாடு மாதிரி வெச்சிக்கக் கூடாதா?"

"இன்னாது?"

"பேர. இன்னிக்கு அவங்க, நாளைக்கு நாங்க. ஏரியில அப்படித்தான வலை போடுறீங்க."

யாரோ சிரித்தார்கள். பேருக்குப் பாடாம் என்று இன்னொருவர் சொல்லிச் சிரித்தார். தனகோட்டி மட்டும் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தைப் பார்க்காமலே பேசினார்.

"பேரும் தண்ணி மாதிரிதான். இவன் ஒண்ணும் கொண்டாந்து ஊத்தல, அவனும் ஊத்தல. கரண்டு கம்பத்துல தொங்கிக்கினு இருந்தது."

வடக்குத் தெருவிலிருந்து ஒருவர், அப்படியானால் புயலடித்த வருஷம் யார் கணக்கு, அதையும் சொல்லுங்கள் என்றார்.

"அது புயலோட பாடு. வந்து எடுத்துக்கினு போயிடுச்சி. அதாண்ட போய்க் கேளு."

இந்த முறை திருவிழா இரண்டு நாள் என்று முடிவாயிற்று. இரண்டு பனையோலைத் துண்டு சுருட்டிப் போட்டு, அம்மன் முன்னால் வைத்து எடுத்தார்கள். முதல் நாள் வடக்குக்கும் ஆரம்பாக்கத்துக்கும். இரண்டாம் நாள் தெற்குக்கும் எங்களுக்கும்.

முதல் நாள் எங்களுக்குப் பெயர் இல்லை. தேசப்பன் தன் லுங்கியை எடுத்து டிரம்மின் முகத்தில் கட்டினான். துணிக்குப் பின்னால் மண்டை ஓடு சிரித்துக்கொண்டிருப்பது எனக்கு மட்டும் தெரியும். பாடு இல்லாதவன் கரையில் உட்கார வேண்டும், நாங்களும் உட்கார்ந்தோம். ஆனால் நாகூரய்யா படுத்து வாசித்து முடித்ததும் வடக்குத் தெருப் பெண்கள் அந்தக் குரல் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் மேடையிலிருந்து தனகோட்டியைப் பார்த்தார். கூலிக்கு ஆள் ஏற்றிக்கொள்வதற்கு என்ன தடை என்றார் தனகோட்டி.

ஜபார் கூலியாளாக மேடை ஏறினான். பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க மணல். ஒரே பாட்டு. புயலில் படகு போனவர்கள், குடிசை போனவர்கள் எல்லாரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வருஷமாக அழ நேரமில்லாதவர்கள் போல அழுதார்கள். கோல் பக்கத்தில் நின்ற ஆள் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். மறுநாள் எங்கள் மேடையில் நாகூரய்யா கூலியாளாக வந்து, எங்கள் செலவில் படுத்தார். பந்தலில் இருந்த பெரியதனக்காரர்கள் இரண்டு நாளும் இருந்தார்கள். போகும்போது அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் ஊர்த் திருவிழா அன்றைக்கு உங்களில் யார் பாடு?

அன்றிலிருந்து ஏரியைச் சுற்றி அந்தப் பெயர் வாரத்துக்கு வாரம் மாறியது. திருவிழா எந்த வாரத்தில் விழுகிறதோ அந்த வாரத்துக்காரர்கள் டேஞ்சர் பாய்ஸ். மற்றவர்கள் அன்றைக்கு வெறும் ஆட்கள். ஜபாரின் வாப்பா கப்பல் பேச்சை நிறுத்திவிட்டார். வாரம் விட்டு வாரம் மட்டும் மகன் பேர் சொல்லும்படி இருப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஜபார் என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், "இப்ப இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற?" என்று கேட்டான். நிறையச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டான். அதற்குப் பிறகு தினமும் காலையில் அதே கேள்வியைக் கேட்பான், நான் சொல்வேன். குழு ஒழுங்காக ஓடியது அதனால்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். நீங்களும் பயப்படுங்கள், தாராளமாகப் பயப்படுங்கள். மேனேஜருக்கு அது சம்பளத்தில் சேர்ந்த வேலை. ஆனால் அன்றன்றைக்கு உள்ள பயத்தை அன்றன்றைக்கே உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் வைத்திருந்தால், யாராவது வெள்ளைப் பேண்ட்டோடு மணலில் படுக்க வேண்டி வரும்.

நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த வருஷம் ஒரு கார்டு வந்தது. ஏரியின் வடகரையில் ஒரு பெரிய ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பு. "டேஞ்சர் பாய்ஸ், அந்த வாரம் பாடு யாருதோ அவங்க வரவும்" என்று எழுதியிருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். ஆரம்பாக்கத்தின் வாரம். கார்டு எங்கள் கைக்குத்தானே வந்தது, அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றான் தேசப்பன். அந்த ஊருக்குப் போக ஜபாருக்கு எவ்வளவு ஆசை என்றும் எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்கக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மறுநாள் காலையில் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி ஆரம்பாக்கம் போய், நாகூரய்யாவின் சைக்கிள் கடையில் அதை நீட்டினேன்.

கையெல்லாம் கிரீஸ். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து, கல்லாப்பெட்டிக்கு அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைத் தூக்கி, அதற்குக் கீழிருந்து ஒரு கார்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். இன்னொரு ஊர், இன்னொரு திருவிழா. தேதி எங்கள் வாரத்தில் விழுந்தது. வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"நீ வராம இருந்திருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன் நைனா."

தெரியும் அண்ணே என்றேன். ராத்திரியில் தூக்கம் வந்ததா என்று கேட்டேன். ஒன்பது நாளாக இல்லை என்றார். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வேறு என்னென்னவற்றுக்குப் பயப்படுகிறார் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, எனக்கு இரண்டு பஸ் போய்விட்டது.